ஓயாமல் ஓடும் ரத்தம்

மாங்காய்க் காலத்தில் பங்காருபாளையம் மண்டியைப் பார்த்திருப்பீர்கள். தோப்புகளிலிருந்து டிராக்டர்கள் வரும். மண்டியில் சரக்கு இறங்கும். லாரிகளில் ஏறும். சித்தூர் பக்கம் சில லாரிகள் போகும். பலமநேர் வழியாகப் பெங்களூருக்குச் சில லாரிகள் போகும். வெறும் வண்டிகள் திரும்பி வரும். மறுபடி சரக்கு ஏற்றும்.

இதைப் போல ஒரு போக்குவரத்து நம் உடம்புக்குள்ளும் நடக்கிறது. மண்டிக்கு ஒரு காலம் உண்டு. ஓய்வும் உண்டு. ஆனால் உடம்புக்குள் நடக்கும் போக்குவரத்துக்கு ஓய்வே கிடையாது. நாம் தூங்கும்போதும் அது நடக்கிறது. அதை நடத்துவது ரத்தம்.

ரத்தம் சிவப்பாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அடிபட்டால் வரும் என்றும் தெரியும். அதற்குள் என்ன இருக்கிறது? அது என்ன வேலை செய்கிறது? அது குறைந்தால் என்ன ஆகும்? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

எவ்வளவு ரத்தம்?

வளர்ந்த ஆணின் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. பெண்ணின் உடம்பில் சற்றுக் குறைவு. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு மூன்றரை லிட்டர் அளவில் இருக்கும். ஒரு சிறிய குடம்கூட நிறையாது. இவ்வளவுதான் நம் கையிருப்பு.

இந்த ரத்தத்தை ஓட வைப்பது இதயம். இதயம் ஒரு பம்பு செட் போன்றது. ஒரு நிமிடத்தில் சுமார் 72 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 5 லிட்டரைத் தள்ளிவிடும். அதாவது, உடம்பில் உள்ள ரத்தம் முழுவதும் சுமார் ஒரு நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறது.

ரத்தம் இப்படிச் சுற்றி வருகிறது என்பது முன்காலத்தில் தெரியாது. 1628-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி இதை விளக்கி எழுதினார். இதயம் தள்ளும் அதே ரத்தம்தான் திரும்பி வருகிறது என்று காட்டினார்.

உங்கள் வலது கை விரல்களை இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக வைத்துப் பாருங்கள். மெல்லத் துடிக்கிறதா? அதுதான் நாடி. இதயம் தள்ளிய ரத்தம் அங்கே வந்து போகிறது.

ரத்தத்தில் என்ன இருக்கிறது?

ஏரித் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வையுங்கள். கொஞ்ச நேரத்தில் மண் அடியில் தங்கும். தெளிந்த நீர் மேலே நிற்கும்.

ரத்தத்தையும் உறையாதபடி மருந்து சேர்த்துக் கண்ணாடிக் குழாயில் வைத்தால், இப்படியே பிரியும். மேலே வைக்கோல் நிறத்தில் ஒரு நீர் நிற்கும். அதன் பெயர் பிளாஸ்மா. அடியில் சிவப்பாகத் தங்குவது சிவப்பு அணுக்கள். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய வெள்ளைப் படலம் தெரியும். அதில் வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் இருக்கின்றன.

100 பங்கு ரத்தத்தில் ஏறக்குறைய 55 பங்கு பிளாஸ்மா. மீதி 45 பங்கு அணுக்கள். ஆக, ரத்தத்தில் இருப்பவை நான்கு:

1. பிளாஸ்மா
2. சிவப்பு அணுக்கள்
3. வெள்ளை அணுக்கள்
4. தட்டணுக்கள்

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு.

பிளாஸ்மா: ஓடும் கால்வாய்

பிளாஸ்மாவில் 100-க்கு 90 பங்கு தண்ணீர்தான். அதில் உப்பும் சர்க்கரையும் புரதமும் கரைந்திருக்கின்றன. நாம் சாப்பிட்ட களியும் சோறும் குடலில் செரிக்கின்றன. அந்தச் சத்தைப் பிளாஸ்மா எடுத்துக்கொண்டு உடம்பு முழுவதும் தருகிறது. உடம்பில் சேரும் கழிவைச் சிறுநீரகத்துக்குக் கொண்டு போகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டிச் சிறுநீராக வெளியே அனுப்புகிறது.

உடம்பின் சூட்டையும் பிளாஸ்மா பரப்புகிறது. அதனால்தான் உடம்பு முழுவதும் ஒரே அளவாகச் சூடு இருக்கிறது.

வெயிலில் வேலை செய்கிறோம். வியர்வை கொட்டுகிறது. வயிற்றுப்போக்கு வந்தாலும் நீர் போகிறது. அப்போது பிளாஸ்மாவில் உள்ள நீரும் குறைகிறது. தலை சுற்றுகிறது. ஆகவே நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு என்றால் உப்பு சர்க்கரைக் கரைசல் தர வேண்டும்.

சிவப்பு அணுக்கள்: காற்றைச் சுமக்கும் வண்டிகள்

ஒரு சிறு கடுகின் அளவு ரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 50 லட்சம் சிவப்பு அணுக்கள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப் என்ற பெருக்கிக் காட்டும் கருவியில் பார்த்தால் தெரியும். நடுவில் அமுக்கிய சின்ன வடை போல இருக்கும்.

நாம் மூச்சு இழுக்கிறோம். காற்று நுரையீரலுக்குப் போகிறது. காற்றில் உள்ள ஆக்சிஜனைச் சிவப்பு அணுக்கள் அங்கே ஏற்றிக்கொள்கின்றன. மூளை, கை, கால், வயிற்றில் உள்ள பிள்ளை என்று எல்லா இடத்துக்கும் கொண்டுபோய் இறக்குகின்றன.

எப்படி ஏற்றுகின்றன? சிவப்பு அணுவுக்குள் ஹீமோகுளோபின் என்ற பொருள் இருக்கிறது. அதில் இரும்புச் சத்து இருக்கிறது. ஆக்சிஜனைப் பிடித்து வைப்பது அந்த இரும்புதான். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவதும் ஹீமோகுளோபின்தான். ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் பளிச்சென்று சிவப்பாக இருக்கும். ஆக்சிஜனை இறக்கிவிட்டுத் திரும்பும் ரத்தம் கருஞ்சிவப்பாக இருக்கும்.

ஒரு சிவப்பு அணு சுமார் 120 நாள் வாழும். பிறகு அழியும். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் புதிய அணுக்கள் பிறந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு விநாடியும் சுமார் 20 லட்சம் அணுக்கள் பிறக்கின்றன. இதற்குச் சரக்கு வேண்டும். இரும்பு வேண்டும். ஃபோலிக் அமிலம் வேண்டும். புரதம் வேண்டும். இவற்றை நாம் உணவில் தர வேண்டும்.

வெள்ளை அணுக்கள்: காவல்காரர்கள்

தோப்புக்குக் காவல் வேண்டும் அல்லவா? உடம்புக்குக் காவல் வெள்ளை அணுக்கள். கிருமி உள்ளே நுழைந்தால் இவை ஓடிப்போய்ச் சண்டையிடும். சில அணுக்கள் கிருமியை விழுங்கும். சில அணுக்கள் கிருமியை எதிர்க்கும் பொருளைச் செய்யும். அந்தப் பொருளுக்கு எதிர்ப்பொருள் என்று பெயர்.

புண்ணில் சீழ் பிடிப்பதைப் பார்த்திருக்கிறோம். கிருமியோடு சண்டையிட்டுச் செத்த வெள்ளை அணுக்கள்தான் சீழில் நிறைய இருக்கின்றன.

குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிறோம். அது காவல்காரருக்குத் திருடனின் அடையாளத்தைக் காட்டி வைப்பது போல. பிறகு உண்மையான கிருமி வந்தால் வெள்ளை அணுக்கள் உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

தட்டணுக்கள்: உடைப்பை அடைப்பவை

வரப்பு உடைந்தால் என்ன செய்வோம்? மண்ணும் தழையும் போட்டு அடைப்போம். ரத்தக் குழாய் உடைந்தால் தட்டணுக்கள் அப்படிச் செய்கின்றன. காயம் பட்ட இடத்தில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. பிளாஸ்மாவில் உள்ள ஒரு புரதம் நூல் நூலாக மாறி, வலை போலப் பின்னிக்கொள்கிறது. ரத்தம் உறைகிறது. ஒழுக்கு நிற்கிறது.

டெங்கு காய்ச்சலில் தட்டணுக்கள் குறையும். அதனால்தான் டெங்கு வந்தவருக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். காய்ச்சல் என்றதும் கடையில் கேட்டு ஆஸ்பிரின் மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. அது ரத்தப்போக்கை அதிகமாக்கும்.

கண்ணாடி விரியன் கடித்தால்

நம் பக்கத்து நிலங்களில் கண்ணாடி விரியன் உண்டு. தெலுங்கில் இதை ரக்தபிஞ்ஜர என்பார்கள். பெயரிலேயே ரத்தம் இருக்கிறது. இதன் விஷம் ரத்தத்தைத்தான் கெடுக்கிறது. உறைய வைக்கும் பொருள்களை எல்லாம் அது தீர்த்துவிடும். பிறகு ரத்தம் உறையாது. ஈறில் ரத்தம் கசியும். சிறுநீரில் ரத்தம் போகும். சிறுநீரகமும் கெட்டுப்போகலாம்.

ஆஸ்பத்திரியில் ஒரு எளிய சோதனை செய்வார்கள். கடிபட்டவரின் ரத்தம் கொஞ்சம் எடுத்துச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விடுவார்கள். 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறைந்திருந்தால் குழாயில் ஒட்டி நிற்கும். தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். உடனே விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள்.

இந்த மருந்தும் ரத்தத்திலிருந்துதான் வருகிறது. குதிரைக்கு மிகக் கொஞ்சமாகப் பாம்பு விஷத்தை ஏற்றுவார்கள். குதிரையின் வெள்ளை அணுக்கள் விஷத்துக்கு எதிர்ப்பொருள் செய்யும். குதிரையின் பிளாஸ்மாவிலிருந்து அதைப் பிரித்து மருந்து தயாரிப்பார்கள்.

விஷத்தை எடுத்துத் தருபவர்கள் யார்? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-இல் தொடங்கியது. இருளர் மக்கள் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, பாம்பை மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷம் மருந்து செய்யும் இடங்களுக்குப் போகிறது. இருளர் இனத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது தரப்பட்டது.

ஆகவே பாம்பு கடித்தால் கடித்த இடத்தை அறுக்காதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், 108 வண்டியைக் கூப்பிட்டு, அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ரத்தம் குறைந்தால்

"உடம்பில் ரத்தமே இல்லை" என்று சிலரைப் பார்த்துச் சொல்வோம். ரத்தத்தின் அளவு குறைந்தது என்று அதற்குப் பொருள் அல்ல. ஹீமோகுளோபின் குறைந்துவிட்டது என்று பொருள். இதற்கு ரத்தசோகை என்று பெயர்.

100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்க வேண்டும்?

ஆணுக்கு: குறைந்தது 13 கிராம்
பெண்ணுக்கு: குறைந்தது 12 கிராம்
கர்ப்பிணிக்கு: குறைந்தது 11 கிராம்

கர்ப்பிணிக்கு 7 கிராமுக்குக் கீழே போனால் அது ஆபத்து.

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் குடும்ப நல ஆய்வு நடந்தது. 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களைச் சோதித்தார்கள். இந்தியாவில் 100 பெண்களில் 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆந்திராவில் ஏறக்குறைய 59 பேருக்கு இருந்தது. தமிழ்நாட்டில் 53 பேருக்கு இருந்தது. இந்தியாவில் ஆண்களில் 100-க்கு 25 பேருக்கு இருந்தது.

பெண்களுக்கு ஏன் இவ்வளவு அதிகம்? மாதவிலக்கில் மாதாமாதம் ரத்தம் போகிறது. கர்ப்பத்தில் தாயின் இரும்பைப் பிள்ளையும் எடுத்துக்கொள்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. பல வீடுகளில் பெண்கள் கடைசியில் சாப்பிடுகிறார்கள். குழம்பில் இருந்த கீரையும் மீனும் அதற்குள் தீர்ந்துவிடும். சட்டியில் இருப்பது அவர்களுக்கு.

கொக்கிப் புழுவும் ஒரு காரணம். திறந்த வெளியில் மலம் கழித்த மண்ணில் இது வளரும். வெறுங்காலோடு நடந்தால் பாதத்தின் தோல் வழியாக உள்ளே நுழையும். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும்.

ரத்தசோகை உள்ளவருக்குச் சீக்கிரம் களைப்பு வரும். மேடு ஏறினால் மூச்சு வாங்கும். படபடப்பு இருக்கும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் வெளுத்திருக்கும். நாக்கும் நகமும் வெளுத்திருக்கும். வேலைக்குப் போகாமல் படுத்தால் "சோம்பேறி" என்று பேர் வைப்பார்கள். அது சோம்பல் அல்ல. நோய்.

பிரசவத்தில் எந்தத் தாய்க்கும் கொஞ்சம் ரத்தம் போகும். உடம்பில் நல்ல ரத்தம் இருந்தால் தாங்கிக்கொள்வாள். 7 கிராம் உள்ள தாயால் அதைத் தாங்க முடியாது. நம் நாட்டில் பிரசவத்தில் தாய் இறப்பதற்கு முதல் காரணம் ரத்தப்போக்குதான். பிரசவ நாளில் ஓடித் திரிவதைவிட, மூன்றாம் மாதத்திலேயே ஹீமோகுளோபின் பார்ப்பது நல்லது.

கூட்டத்தில் ஒரு பேச்சு

ஒரு டுவாக்ரா குழுக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். சுகாதார நிலையத்திலிருந்து நர்சம்மா வந்திருக்கிறார். பேச்சு இப்படிப் போகும்:

பெரியம்மா: நர்சம்மா, என் மருமகளுக்கு ஆறாம் மாசம். நீங்க கொடுத்த சிவப்பு மாத்திரையைப் போட்டால் பிள்ளை கருப்பாகப் பிறக்குமாமே?

நர்சம்மா: இல்லை பெரியம்மா. பிள்ளையின் நிறம் தாய் தகப்பனிடமிருந்து வருவது. மாத்திரையால் வருவது இல்லை.

பெரியம்மா: பிள்ளை பெருத்துப்போனால் பிரசவம் கஷ்டமாகுமே?

நர்சம்மா: மாத்திரையால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்காது. எடை குறையாமல், நல்லபடியாகப் பிறக்கும். தாய்க்கும் பலம் இருக்கும்.

மருமகள்: எனக்கு மாத்திரை போட்டால் குமட்டுது அக்கா. வெளிக்கும் கருப்பாகப் போகுது. பயந்து நிறுத்திட்டேன்.

நர்சம்மா: பயப்படாதேம்மா. உடம்பு எடுத்தது போக மீதி இரும்பு அப்படிக் கருப்பாகப் போகும். அவ்வளவுதான். வெறும் வயிற்றில் குமட்டினால், ராத்திரி சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போடு. டீ, காபி, பாலோடு போடாதே. கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒன்றாகப் போடாதே. வேறு வேறு நேரத்தில் போடு.

மருமகள்: எத்தனை நாள் போடணும்?

நர்சம்மா: நாலாம் மாசத்திலிருந்து தினம் ஒன்று. 180 நாள். பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள். ரத்தசோகை இருந்தால் எத்தனை போடணும் என்று நாங்கள் சொல்வோம். மிகவும் குறைந்திருந்தால் ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக இரும்பு ஏற்றுவார்கள். தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றுவார்கள்.

இன்னொரு பெண்: என்ன சாப்பிட்டால் ரத்தம் ஊறும் அக்கா?

நர்சம்மா: முருங்கைக்கீரை, மற்றக் கீரைகள், கம்பு, கேழ்வரகு, பயறு வகை, வேர்க்கடலை. கறி சாப்பிடுகிறவர்கள் ஈரல், கறி, சின்ன மீன் சாப்பிடலாம். சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, மாங்காய் ஏதாவது ஒன்று இருந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்டதும் டீ குடித்தால் சேராது. உணவும் வேணும், மாத்திரையும் வேணும். கர்ப்பிணிக்கு உணவு மட்டும் போதாது.

மருமகள் பெரியம்மாவைப் பார்க்கிறாள்.

மருமகள்: அத்தை, நாளையிலிருந்து நீங்களும் நானும் ஒன்றாகச் சாப்பிடலாமா? கடைசியில் சாப்பிட்டால் கீரையே மிஞ்சுவதில்லை.

பெரியம்மா: அதுக்கென்ன கண்ணு. உன் தட்டில்தான் முதலில் வைப்பேன். எனக்கும் ஒரு தரம் சோதிச்சுப் பாருங்க நர்சம்மா. நானும் மேடு ஏறினால் இளைக்கிறேன்.

மாத்திரைக்குப் பின்னால் ஒரு கதை

அந்தச் சிவப்பு மாத்திரையில் இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று இரும்பு. மற்றொன்று ஃபோலிக் அமிலம். இந்த ஃபோலிக் அமிலத்தின் கதையில் நம் நாட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். ஆந்திராவில் பிறந்த ஒரு விஞ்ஞானியும் இருக்கிறார்.

1928-இல் லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்துப் பெண் மருத்துவர் மும்பைக்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் ஏழைப் பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களில் கர்ப்பிணிகள் பலர் கடுமையான ரத்தசோகையால் இறந்தார்கள். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று லூசி வில்ஸ் ஆராய்ந்தார். கிருமி காரணம் அல்ல, உணவில் ஏதோ ஒரு சத்துக் குறைகிறது என்று கண்டார். ஈஸ்ட்டிலிருந்து செய்த ஒரு மலிவான உணவைக் கொடுத்தார். நோயாளிகள் தேறினார்கள். 1931-இல் இதை எழுதி வெளியிட்டார். அந்தச் சத்து எது என்று அப்போது தெரியவில்லை.

1941-இல் அமெரிக்காவில் பசலைக் கீரையிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தார்கள். லத்தீன் மொழியில் இலைக்கு உள்ள சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

கீரையிலிருந்து எடுத்தால் மிகக் கொஞ்சம்தான் கிடைக்கும். எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமானால் மருந்தாகத் தயாரிக்க வேண்டும். அதைச் செய்த குழுவுக்குத் தலைவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். இவர் 1895-இல் ஆந்திராவில் உள்ள பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். பிறகு அமெரிக்கா போனார். அங்கே லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்தார். 1945-இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது.

ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு நோயை முதன்முதலாகத் தணித்த மருந்தும் இவருடைய குழு தயாரித்ததுதான். யானைக்கால் நோய்க்கு இன்றும் தரும் மாத்திரையும் இவர் குழுவின் வேலைதான். 1948-இல் சுப்பாராவ் இறந்தார். அவர் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் அவர் குழு செய்த மருந்து நம் ஊர் அங்கன்வாடி வரை வந்திருக்கிறது.

ரத்த வகைகள்

எல்லோர் ரத்தமும் சிவப்புத்தான். ஆனால் எல்லாம் ஒரே வகை அல்ல. ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றினால், முன்காலத்தில் சிலர் பிழைத்தார்கள். சிலர் இறந்தார்கள். ஏன் என்று தெரியாமல் இருந்தது. 1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் காரணத்தைச் சொன்னார். ரத்தத்தில் வகைகள் உண்டு. சேராத வகையை ஏற்றினால் உடம்பு அதை எதிர்க்கும். சிவப்பு அணுக்கள் அழியும். இதற்காக அவருக்கு 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ரத்த வகை நான்கு: ஏ, பி, ஏபி, ஓ. இவற்றோடு ஆர்.எச். என்ற பொருள் இருந்தால் பாசிட்டிவ் என்பார்கள். இல்லாவிட்டால் நெகட்டிவ் என்பார்கள். தாய் நெகட்டிவ், பிள்ளை பாசிட்டிவ் என்றால் பிரசவம் முடிந்து 3 நாளுக்குள் தாய்க்கு ஒரு ஊசி போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து வரலாம். ஆகவே ஒவ்வொரு கர்ப்பிணியும் தன் ரத்த வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரத்த வகைக்குச் சாதி கிடையாது. மதம் கிடையாது. கூடப் பிறந்தவர் ரத்தம் சேராமல் போகலாம். முன்பின் தெரியாதவர் ரத்தம் சேரலாம்.

ரத்த தானம்

ரத்தத்தைத் தொழிற்சாலையில் தயாரிக்க முடியாது. மனிதர்தான் மனிதருக்குத் தர வேண்டும். பெங்களூர் சாலையில் விபத்து நடந்தாலும், பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்தாலும், யாரோ ஒருவர் முன்பே கொடுத்து வைத்த ரத்தம்தான் உயிர் காக்கும்.

ஒரு காலத்தில் பணத்துக்கு ரத்தம் விற்றார்கள். வறுமையால் விற்றார்கள். அடிக்கடி விற்றதால் அவர்கள் உடம்பும் கெட்டது. வாங்கியவருக்கும் நோய் தொற்றியது.

1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சில பெண்களின் ரத்தத்தைச் சேகரித்தார்கள். அதை நம் சித்தூருக்குப் பக்கத்தில் உள்ள வேலூருக்குக் கொண்டு போனார்கள். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார்கள். இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருப்பது அப்போதுதான் முதன்முதலாகத் தெரிந்தது. அந்தக் கிருமி ரத்தம் வழியாகவும் பரவும். தானமாக வரும் ரத்தத்தைச் சோதிக்காமல் ஏற்றக் கூடாது என்று எல்லோருக்கும் புரிந்தது.

1996-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ரத்தம் விற்பதை ஒழிக்க வேண்டும் என்று கூறி, இரண்டு ஆண்டு கெடு கொடுத்தது. 1998 ஜனவரி முதல் பணத்துக்கு ரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டது.

இன்று ஒவ்வொரு தான ரத்தத்தையும் எய்ட்ஸ் கிருமி, இரண்டு வகை மஞ்சள் காமாலைக் கிருமி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கிறார்கள். பிறகுதான் நோயாளிக்குத் தருகிறார்கள்.

யார் தரலாம்? 18 வயது முதல் 65 வயது வரை உள்ளவர்கள் தரலாம். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தரக் கூடாது. ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறை தரலாம். பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு முறை தரலாம்.

எவ்வளவு எடுப்பார்கள்? 350 மில்லி. நல்ல எடை உள்ளவரிடம் 450 மில்லி. ஊசி குத்தி ரத்தம் எடுக்கச் சுமார் 10 நிமிடம் போதும். ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட மாட்டார்கள். ஆகவே தானம் செய்பவருக்கு நோய் தொற்றாது.

கொடுத்த ரத்தம் திரும்ப ஊறுமா? ஊறும். கிணற்றில் இறைத்தால் ஊறுவது போல ஊறும். நீர்ப் பங்கு ஒன்றிரண்டு நாளில் நிறைந்துவிடும். சிவப்பு அணுக்கள் சில வாரங்களில் நிறைந்துவிடும். பலம் போகாது. ஆண்மை குறையாது.

ஒருவர் தரும் ரத்தத்தைச் சிவப்பு அணு, பிளாஸ்மா, தட்டணு என்று மூன்றாகப் பிரிக்கலாம். விபத்தில் அடிபட்டவருக்குச் சிவப்பு அணு போகும். தீக்காயம் பட்டவருக்குப் பிளாஸ்மா போகும். தட்டணு குறைந்து ரத்தம் கசிகிறவருக்குத் தட்டணு போகும். ஒரு பையில் மூன்று உயிர். ஆனால் தட்டணுவை 5 நாளுக்கு மேல் வைக்க முடியாது. சிவப்பு அணுவையும் 42 நாளுக்கு மேல் வைக்க முடியாது. ஆகவே ஒரு முறை கொடுத்தால் போதாது. யாராவது ஒருவர் எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நினைவில் வைப்போம்

ஹீமோகுளோபினைச் சோதித்துப் பார்ப்போம். சுகாதார நிலையத்தில் விரலில் ஒரு சிறு குத்து, அவ்வளவுதான்.
கர்ப்பிணி 180 நாளும் மாத்திரை போட, வீட்டில் எல்லோரும் துணை இருப்போம்.
வீட்டில் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம்.
கழிப்பறையைப் பயன்படுத்துவோம். செருப்பு அணிவோம். பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை தருவோம்.
பாம்பு கடித்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போவோம்.
உடல்நலம் உள்ளவர்கள் ரத்த தானம் செய்வோம்.

கேள்விகள்

1. ரத்தத்தில் உள்ள நான்கு பொருள்கள் எவை?
2. ஹீமோகுளோபினில் உள்ள சத்து எது? அது என்ன வேலை செய்கிறது?
3. கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் ஏன் உறைவதில்லை?
4. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் குறைந்தது எத்தனை கிராம் இருக்க வேண்டும்?
5. இரும்பு மாத்திரையோடு எதைக் குடிக்கக் கூடாது?
6. உங்கள் வீட்டில் கடைசியில் சாப்பிடுவது யார்? ஏன்? கூடிப் பேசுங்கள்.

எழுதுங்கள்

ஒரு தாளில் உங்கள் வீட்டில் உள்ள எல்லோர் பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அவருடைய ரத்த வகையை எழுதுங்கள். தெரியாவிட்டால் இடம் விட்டு வையுங்கள். சுகாதார நிலையத்துக்குப் போகும்போது கேட்டு, சோதித்து, நிரப்புங்கள். பெண்கள் பெயருக்கு எதிரில் ஹீமோகுளோபின் அளவையும் தேதியையும் எழுதுங்கள். தாளைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். ஆபத்து நேரத்தில் தேட வேண்டியிருக்காது.